நடுவுல ஒரு ஆள் வேணும்!

ஒரு சின்ன பரீட்சை. இலங்கைப் போர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருகிற பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

நேரு வீதியில் காபி குடிக்கப் போன இடத்தில் நாலு நண்பர்களிடம் இந்தப் பரீட்சையை வைத்தேன். நாலு பேரும் படித்தவர்கள், பேப்பர் பார்க்கிறவர்கள். இயக்கத் தலைவர்கள் பெயர் வந்தது. ஜனாதிபதிகள் வந்தார்கள். நம்ம ஊர் பிரதமர், முதலமைச்சர் வந்தார்கள். ஒருத்தர் ரொம்ப யோசித்து, சமாதானம் பேச வந்த நார்வேக்காரர் பெயரையும் எழுதிவிட்டார். ஆக, துப்பாக்கி வைத்திருந்தவர்கள், துப்பாக்கிக்கு உத்தரவு போட்டவர்கள், இந்த இரண்டு பேரோடும் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டவர்கள். முடிந்தது பட்டியல்.

சி.இ. ஆனந்தராஜன் என்று யாரும் எழுதவில்லை. எழுதமாட்டார்கள் என்று தெரியும். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியின் அதிபர் அவர். (அங்கே தலைமை ஆசிரியரை அதிபர் என்றுதான் சொல்வார்கள்.) 1985 ஜூன் மாதம். அரசுக்கும் இயக்கங்களுக்கும் இடையே ஒரு போர்நிறுத்தம் வந்திருந்தது. அந்த இடைவெளியில் அவர் மாணவர்களுக்கும் ராணுவத்துக்கும் ஒரு நட்பு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். அதுதான் அவர்மேல் விழுந்த குற்றம். ஜூன் 26-ம் தேதி புலிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் செய்தது சரியா தப்பா என்று அந்த ஊர்க்காரர்களே இன்றும் விவாதிக்கலாம். ஊரே எரிந்துகொண்டிருக்கும்போது ராணுவத்தோடு கிரிக்கெட்டா என்று அன்றைக்கு ஒரு இளைஞன் கொதித்திருந்தால், அந்தக் கொதிப்புக்கும் காரணம் இருந்தது. நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, நடுவில் போய் நிற்பதற்கு யாரோ ஒரு உள்ளூர் ஆள் எப்போதும் கிளம்பியிருக்கிறார். அந்த ஆளைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

எனக்கும் இதெல்லாம் வேறொரு வழியாகத்தான் வந்து சேர்ந்தது. போன பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு அண்ணன் வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். அங்கே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறார். 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான் என்று அவரும் சொன்னார். புதுச்சேரியில் பெயின்ட் வேலைக்கு அங்கிருந்து நிறையப் பேர் வருகிறார்கள்.

திருகோணமலைப் பக்கத்துக் கிராமம். 1990-ல் தலைமன்னார் வழியாகப் படகேறி ராமேஸ்வரம் வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. பேச்சில் பாதி நம்ம ஊர், பாதி அந்த ஊர். "சார்" என்று ஆரம்பிப்பார், கொஞ்ச நேரத்தில் அது "தம்பி" ஆகிவிடும்.

டீ குடிக்கும்போது ஒருநாள் கேட்டார். "தம்பி, நீங்க பத்திரிகைக்காரர்தானே, ஒண்டு கேக்கட்டா? ஊரில எங்கட காணி ரெண்டு ஏக்கர் கிடக்கு. அப்பா வெட்டின கிணறும் இருக்கு. இப்ப அதில வேற ஆக்கள் வீடு கட்டி இருக்கினம். அவையளும் சண்டையில இடம்பெயர்ந்து வந்த சனம்தான். புருசன் இல்லாத பொம்பிளை ஒராள், ரெண்டு பிள்ளையள். மச்சான் சொல்லுறான், கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம் இழுக்கும், மத்தியஸ்த சபைக்குப் போ எண்டு. அதென்ன சபை? நம்பலாமோ?"

எனக்குத் தெரியவில்லை. பி.காம் படித்தவனிடம் கேட்டால் தேய்மானம் கணக்குப் போடச் சொல்லலாம், மத்தியஸ்த சபையைப் பற்றி என்ன தெரியும்? ரெண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். ரெண்டு நாள் ரெண்டு மாதம் ஆயிற்று. இழுத்துக்கொண்டே போன விஷயம் அது.

முதலில் அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இலங்கையில் 1988-ல் 72-ம் இலக்கச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். மத்தியஸ்த சபைச் சட்டம். வருடத்தைக் கவனியுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அமைதிப் படை. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, தெருவில் பிணங்கள். நாடே ரெண்டாகக் கிழிந்து கிடக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர்களின் வேலிச் சண்டையைத் தீர்க்க ஒருவர் உட்கார்ந்து சட்டம் எழுதியிருக்கிறார்! 1990-ல் சபைகள் வேலை செய்ய ஆரம்பித்தன. இன்றைக்கு நாடு முழுக்க முந்நூறுக்கு மேல். போர் நடந்த வடக்கு, கிழக்கின் பெரும்பகுதிக்கு இவை வந்து சேரத்தான் ரொம்ப வருடம் பிடித்தது.

எப்படி நடக்கிறது? பெரும்பாலும் சனி, ஞாயிறு. ஏதாவது பள்ளிக்கூடக் கட்டடம். மத்தியஸ்தர்கள் உள்ளூர்க்காரர்கள். ரிட்டையர் ஆன வாத்தியார், தபால்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர் மாதிரி ஆட்கள். சம்பளம் கிடையாது, வழிச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். வக்கீல் உள்ளே வரக் கூடாது. வழக்கோடு வருகிறவர் சபைப் பட்டியலிலிருந்து தனக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். எதிராளி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

'அட, இது நம்ம பஞ்சாயத்துதானே' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ஆலமரம், சொம்பு, நாட்டாமை. இல்லை சார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. நாட்டாமை தீர்ப்பு சொல்வார். இவர்கள் தீர்ப்பு சொல்லக் கூடாது. 'உன் மேல்தான் தப்பு' என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. இரண்டு பேரும் தாங்களே ஒரு முடிவுக்கு வரும்வரைக்கும் கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் வேலை. முடிவு வந்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வராவிட்டால், முடியவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

நாற்பது வருடம் 'பெஞ்ச் மேல ஏறி நில்லு' என்று சொல்லிப் பழகிய வாத்தியாரைத் தீர்ப்பே சொல்லாதே என்றால் எப்படி முடியும்? அதற்குத்தான் பயிற்சி. ஐந்து நாள். அதில் தேறினால்தான் மத்தியஸ்தர். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது. அவர் சொன்னதையே திரும்ப அவரிடம் சொல்லி 'இதைத்தான் சொன்னீங்களா?' என்று கேட்பது. கூட வைத்துப் பேச முடியாததைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. 'உனக்கு என்ன வேணும்?' என்பதோடு நிற்காமல் 'அது உனக்கு ஏன் வேணும்?' என்று கேட்பது.

படிக்கச் சுலபமாக இருக்கிறது. செய்துதான் பாருங்களேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் ஒன்று. பாண்டிச்சேரி தமிழர் பகுதிப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரில் ஒருத்தர் ஆணி அடிக்க, அடுத்த வீட்டில் காரை பெயர, பேச்சு வளர்ந்து வழக்காகி, பதினோரு வருடம். சுவர் யாருடையது என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. ஜெயித்தவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. அந்தப் பதினோரு வருடத்தில் தெருவில் இருந்த நாங்கள் எல்லாருமே ஏதாவது ஒரு பக்கம்தான் நின்றோம். எதற்கு அந்த ஆணி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. (பிறகு தெரிந்தது, மாமியார் படம் மாட்ட.)

இந்த ஊரில் இப்படி ஒரு ஏற்பாடே இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கே 'ழூஜ் த பே' என்று ஒரு பதவி. நேராகத் தமிழில் சொன்னால் சமாதான நீதிபதி. பிரெஞ்சுப் புரட்சி நடந்த சூட்டில், 1790-ல் பிரான்சில் உருவாக்கியது. சின்ன வழக்குகளுக்கான நீதிபதி. வாதி, பிரதிவாதி இரண்டு பேரையும் முதலில் உட்கார வைத்து சமரசத்துக்கு முயற்சி பண்ண வேண்டும் என்பது அந்தப் பதவியின் அடிப்படை. பிரான்சிலேயே 1958-ல் அதை எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "நல்ல பேருதான் தம்பி. ஆனா அவரு பேசுறது பிரெஞ்சு, நம்ம பேசுறது தமிழு. சமாதானம் எங்கேந்து வரும்?" என்றார். பெரியவர் போகிற போக்கில் பெரிய பாயின்ட்டைத் தொட்டுவிட்டார்.

'பீஸ் பில்டிங்' என்ற சொல்லை 1970-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங். 2024-ல் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். சண்டையை நிறுத்தி வைப்பது ஒரு வேலை, அதற்குப் படை போதும். தலைவர்களை உட்கார வைத்து ஒப்பந்தம் போடுவது இன்னொரு வேலை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மறுபடி சண்டை வராத மாதிரி ஊருக்குள்ளேயே உறவுகளையும் அமைப்புகளையும் கட்டி எழுப்புவது. அதற்குத்தான் அவர் அந்தப் பெயர் வைத்தார். இலங்கையில் முதல் வேலையை நாம் செய்யப் போனோம், 1987-லிருந்து 1990 வரை. என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நார்வே செய்யப் பார்த்தது. மூன்றாவதை வெளியூர்க்காரர் யாரும் செய்து கொடுக்க முடியாது. ஏனென்றால் வெளியூர்க்காரரிடம் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது.

டிக்கெட் இல்லாத உள்ளூர்க்காரர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஆரம்பித்தார்கள். 1980-களில் வடக்கு, கிழக்கு ஊர்களில் பிரஜைகள் குழு என்று உருவாயின. பாதிரியார், அதிபர், டாக்டர், கடைக்காரர். பிள்ளையை ராணுவம் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு தாய் அழுதுகொண்டு வருவாள். இவர்கள் பெயரை எழுதிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போவார்கள். பட்டியல் எழுதுவது என்பது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். யார், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வண்டி. அப்படி எழுதி வைத்த பட்டியல் இருந்தால்தான் நாளைக்கு ஒரு அதிகாரி 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லும்போது எதிர்த்துக் கேட்க முடியும். கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் எனக்கு இந்த ஒரு வேலையின் மதிப்பு நன்றாகத் தெரிகிறது. வவுச்சர் இல்லாத செலவு மாதிரி ஆகிவிடாமல் ஒரு உயிரைக் காப்பாற்றுகிற வேலை.

1984-ல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தெருவுக்கு வந்தது. பிடித்துப் போன பிள்ளைகளை விடச் சொல்லி ஊர்வலம். அதைவிட என்னை உலுக்கியது 1986-ல் நடந்தது. புலிகள் டெலோ இயக்கத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள். தமிழன் தமிழனைக் கொன்ற நாட்கள். கிழக்கு மாகாணத்தில் பெண்கள் வீட்டில் இருந்த உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, டெலோ பையன்களைக் கொல்லவிடாமல் மறித்து நின்றிருக்கிறார்கள். உலக்கை! துப்பாக்கிக்கு முன்னால் உலக்கையால் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. ஆனால் உலக்கையோடு நிற்கிற அம்மாவைச் சுடுவதற்கு முன்னால் ஒரு பையன் ஒரு நிமிடம் தயங்குவான். அந்த ஒரு நிமிடம்தான் அவர்கள் கையில் இருந்த முதல். நம் நாட்டிலும் நாகாலாந்தில் இப்படி அம்மாக்கள் சங்கம் 1984-ல் ஆரம்பித்தது. இனி ரத்தம் சிந்தாதீர்கள் என்று 1990-களில் அரசுப் படைகளிடமும் சொன்னார்கள், ஆயுதக் குழுக்களிடமும் சொன்னார்கள்.

உலக்கை பற்றிய செய்தி 'முறிந்த பனை' நூலில் பதிவாகியிருக்கிறது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் ராஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். ராணுவம் செய்ததையும் எழுதினார்கள், இந்தியப் படை செய்ததையும் எழுதினார்கள், இயக்கங்கள் செய்ததையும் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21-ம் தேதி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்தைந்து. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவரோடு எழுதியவர்கள் புலிகளையே குற்றம் சாட்டினார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 1988 ஜூன் 6. மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவர் பாதிரியார் சந்திரா பெர்னாண்டோ தேவாலய வளாகத்திலேயே கொல்லப்பட்டார். ஊர் அப்போது நம் அமைதி காக்கும் படையின் பொறுப்பில் இருந்தது. 1990 ஆகஸ்ட் 15-ல் இன்னொரு பாதிரியார், அமெரிக்காவிலிருந்து 1948-லேயே வந்து மட்டக்களப்பில் தங்கிவிட்ட யூஜின் ஹெபெர்ட். பள்ளியில் பாடமும் கூடைப்பந்தும் சொல்லிக் கொடுத்தவர், ஊரின் சமாதானக் குழுவில் இருந்தவர். வாழைச்சேனையிலிருந்து ஒரு தமிழ்ப் பையனோடு வண்டியில் கிளம்பினார். இருவரும் வீடு வந்து சேரவில்லை. இன்றுவரை.

அந்த ஆகஸ்ட் மாதம் என்ன மாதிரி மாதம் என்றால், 3-ம் தேதி காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், நூறு பேருக்கு மேல். அக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். எழுபதாயிரம் பேருக்கு மேல். பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே பாஷை, ஒரே சந்தை. அப்புறம் அந்தச் சந்தைக்குப் போக பயம்.

இப்படி ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்த மட்டக்களப்பில் 1996-ல் ஒரு தோட்டம் திறந்தார்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. பால் சற்குணநாயகம் என்ற உள்ளூர் பாதிரியாரும் பால் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும் சேர்ந்து செய்த வேலை. தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம். சமாதானம் என்று யாரும் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடியவர்கள் எல்லாம் அந்த ஊர் இளைஞர்கள், இளம் பெண்கள். அவர்கள் பழகியதுதான் பயிற்சி. ஒரு பிள்ளை பேசாமல் மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தால் இருக்கட்டும் என்று விடுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும், யோசியுங்கள்.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். பின்னாலேயே பணம் வந்தது. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். அதில் எவ்வளவு கை சேர்ந்தது என்பது வேறு கதை. சமாதானத்துக்கென்று தனியாக ஒரு தொழிலே முளைத்தது. அங்கே அதைச் 'செயலமர்வு' என்பார்கள். ஹோட்டல் ஹால், சார்ட் பேப்பர், கலர் கலராய் மார்க்கர், மதியம் சாப்பாடு, சாயங்காலம் குரூப் போட்டோ. எத்தனை செயலமர்வு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட். என் கல்லூரிக் காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் பார்த்தால் மகிழ்ந்து போவார். ஒரு ஆளுக்கு ஆகும் சமாதானச் செலவு இவ்வளவு என்று வகுத்தே காட்டிவிடலாம்.

நான் கிண்டல் செய்வது அந்த ஹாலுக்கு வந்து உட்கார்ந்த மனிதர்களை இல்லை. அவர்களில் பலர் உண்மையாகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். பணத்தின் குணத்தைச் சொல்கிறேன். பணத்துக்குத் திட்டக் காலம் உண்டு, மார்ச் மாதம் உண்டு. நம்பிக்கைக்கு மார்ச் மாதம் கிடையாது. 2006-ல் மறுபடி போர் வந்தபோது கொடை நாடுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் நடுவில் நிற்க எந்த ஆளையும் விடவில்லை. 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டது அரசு. நடுவில் ஆளில்லாத போர் எப்படி முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நடுவில் உட்கார்ந்து பேசும் திறமை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் விற்கிறார்கள். தீர்க்காது. மத்தியஸ்த சபை வேலிச் சண்டையைத் தீர்க்கலாம், பெயின்டர் அண்ணனின் காணிப் பிரச்னையைத் தீர்க்கலாம். அரசும் ராணுவமும் பிடித்து வைத்திருக்கும் காணியை எந்த வாத்தியாரும் கேள்வி கேட்டே மீட்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே அம்மாக்கள், அவர்களிடம் போய் 'இரண்டு பக்கமும் விட்டுக் கொடுங்கள்' என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? விட்டுக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது?

கணக்கு டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றில் போட்டுவைப்போம். பேலன்ஸ் ஷீட் பார்க்க அழகாக வந்துவிடும். ஆனால் தப்பு எங்கே என்று கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூடாமல் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இலங்கை அந்தத் தொகையை இத்தனை வருடமாக சஸ்பென்ஸிலேயே தூக்கிக்கொண்டு போகிறது. நல்லிணக்கம் என்று மேலே எழுதியிருக்கிறது, கீழே கூட்டினால் உதைக்கிறது.

சரி, அப்படியானால் உள்ளூர்த் திறமைக்கு என்ன மதிப்பு? 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்ததில் நிறையக் குழந்தைகள். குண்டுக் கூட்டத்தின் தலைவன் பக்கத்து ஊர் காத்தான்குடிக்காரன். அன்றைக்கு அந்த மாவட்டத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். கர்தினால் மால்கம் ரஞ்சித் உடனே அமைதி காக்கச் சொன்னார். பெரிய பழிவாங்கல் அந்த நாட்களில் நடக்கவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து, மே மாத நடுவில், குண்டே வெடிக்காத வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கினார்கள். கோபம் குண்டு வெடித்த இடத்தில்தான் வரும் என்றில்லை. அதை யார் கிளப்புகிறார்கள், உள்ளூரில் யார் எழுந்து தடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தேசிய சமாதானப் பேரவை மாதிரியான அமைப்புகள் மாவட்டங்களில் பிக்கு, பாதிரியார், ஐயர், மௌலவி என்று சேர்த்து சர்வமதக் குழுக்கள் வைத்திருக்கின்றன. சண்டை இல்லாத நாளில் அந்தக் கூட்டங்களைப் பார்த்தால் தூக்கம் வரும். சண்டை வருகிற ராத்திரியில் ஒரு மௌலவியின் போனில் ஒரு பிக்குவின் நம்பர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. 1984-ல் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் சென்னையில் 'ஓஃபர்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அகதிகளே அகதிகளுக்காக நடத்தியது. ஒருநாள் ஊர் திரும்பும்போது வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது அதன் எண்ணம். முகாம் பிள்ளைகளின் படிப்பு, சுகாதாரப் பணியாளர் பயிற்சி, பெண்கள் குழுக்கள், பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது என்று வேலை செய்தார்கள். பெயின்டர் அண்ணனின் மனைவி முகாமில் மகளிர் குழு நடத்தியவர். பன்னிரண்டு பெண்கள், ஒரு நோட்டு, வாரா வாரம் வரவு செலவு, கடன் கட்டாதவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடாமல் பேசுவது. எட்டு வருடம் செய்திருக்கிறார். அவருக்கு யாரும் 'சமாதானப் பயிற்சி' என்று சான்றிதழ் கொடுக்கவில்லை.

நான் விசாரித்ததையெல்லாம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். காணி வழக்குகளுக்கென்றே திருகோணமலை, யாழ்ப்பாணம் போன்ற மாவட்டங்களில் விசேட மத்தியஸ்த சபைகள் அமைத்திருக்கிறார்கள் என்றேன். பத்து வருடம் ஒருவர் அனுபவித்துவிட்டால் காணி அவருக்கே என்று அங்கே ஒரு பழைய சட்டம் உண்டு. போரால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு அந்தக் கணக்கு பாதகமாகக் கூடாது என்று 2016-ல் ஒரு விசேடச் சட்டம் வந்தது. அது உங்களுக்கு இப்போது பொருந்துமா என்பதை அங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள் என்றேன். அப்புறம் அந்த ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொன்னேன். உங்கள் சார்பில் ஒருவரை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் முகம் சட்டென்று வாடிவிட்டது. "முப்பத்தஞ்சு வருசம் தம்பி. அங்க எனக்கு ஆரைத் தெரியும்? படிப்பிச்ச வாத்தியார்மார் ஒருத்தரும் இப்ப இல்லை. ஆரை எண்டு சொல்லுவன்?"

முப்பத்தைந்து வருடம் வெளியே இருந்ததில் அவர் இழந்ததை நான் ரெண்டு ஏக்கர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பி ஒரு பெயர் சொல்ல ஆள் இல்லாமல் போனதும் அந்தக் கணக்கில் வரும் போலிருக்கிறது.

டீ கொண்டு வந்து வைத்த அக்கா அதுவரைக்கும் பேசவில்லை. இப்போது கேட்டார், என்னிடம் இல்லை, அவரிடம். "ஆளை விடுங்கோ, அதைப் பிறகு பாப்பம். உங்களுக்கு அந்தக் காணி என்னத்துக்கு? போய் இருக்கவா, விக்கவா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை.

"பிள்ளையள் ரெண்டும் இங்க படிக்குதுகள். அந்த மனுசி ரெண்டு பொம்பிளைப் பிள்ளையோட அங்க வீடு கட்டி இருக்கிறா. எழும்பு எண்டா எங்க போவா எண்டு நீங்களோ உங்கட மச்சானோ ஒராளாவது கேட்டீங்களா?"

"கிணறு அப்பா வெட்டினது" என்றார் அண்ணன், மெதுவாக.

"அது தெரியும். அப்ப கிணறுதானா, காணி முழுக்கவா? அதை முதல்ல எனக்குச் சொல்லுங்கோ." அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பி, "மச்சானிட்ட அவவின்ர போன் நம்பர் வாங்குங்கோ. நான் கதைக்கிறன்" என்றார்.